இவருடைய புல்லும் என் சனிக்கிழமைகளும்

1

பக்கத்து வீட்டு டெரெக் இன்று காலை பத்து மணிக்குப் புல்வெட்டியை வெளியே எடுத்துவிட்டார். இந்தத் தெருவில் அதுதான் தொடக்கம். ஒருவர் தொடங்கினால் மற்றவர்களுக்குப் பொறுக்காது. மத்தியானத்துக்குள் ஐந்தாறு வீடுகளின் பின்பக்கத்திலிருந்து அந்த இரைச்சல் கேட்கும். இனி ஒக்டோபர் வரைக்கும் மழை பெய்யாத ஒவ்வொரு சனிக்கிழமையும் இதுதான்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். கோண்டாவிலில் எங்கள் முற்றத்தில் ஒரு புல் தலைகாட்டினால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் அம்மா அடுப்படிக்குப் போவா. முற்றத்தில் புல் நின்றால் அந்த வீட்டில் ஆளில்லை என்று பொருள். இங்கே நேர்மாறு. விதை வாங்கித் தூவி, உரம் போட்டு, தண்ணீர் ஊற்றிப் புல்லை வளர்ப்பார்கள். வளர்ந்ததும் ஐயோ வளர்ந்துவிட்டதே என்று வெட்டுவார்கள். வெட்டினால் அது இன்னும் செழித்து வளரும். திரும்பவும் வெட்டுவார்கள். வெட்டாமல் விட்டால் அந்த வீட்டுக்காரருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று தெரு கதைக்கத் தொடங்கும்.

நான் இருப்பது லண்டனின் தெற்கு ஓரத்தில், சட்டனில். முப்பத்தொரு வருடமாக ஒரே வீடு. பின்பக்கம் தொண்ணூறு அடி நீளத்துக்குத் தோட்டம். தோட்டம் என்றதும் கத்தரியும் மிளகாயும் என்று நினைத்துவிடாதீர்கள். தொண்ணூறு அடியும் புல். போன வருடம் இதேபோல ஒரு சனிக்கிழமை, அறுபத்திரண்டு வயதில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் புல்வெட்டியின் கயிற்றை இழுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். இதில் நான் நல்ல பெண்ணாக வரமாட்டேன். என் மகளுக்குத் தமிழ் ஓரளவு பேச வரும், வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

2

அந்தப் புல் என்னுடையதல்ல, இவருடையது. இவர் என்று நான் சொல்வது என் கணவரை. ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவராக இருந்தவர். இங்கே வந்து ஓய்வு பெறும்வரை ரயில் நிலையத்தில் ரிக்கெற் கொடுத்தார். கோடு கீறிப் பழகிய கைக்கு இந்த நாட்டில் கோடு கீறக் கிடைத்த ஒரே இடம் இந்தப் புல்தரைதான் என்று நினைக்கிறேன்.

உருளை பூட்டிய பெற்றோல் புல்வெட்டி ஒன்று வைத்திருந்தார். உருளை புல்லைச் சாய்த்துவிடுவதால் போகும்போது ஒரு பச்சை வரி, திரும்பி வரும்போது வேறொரு பச்சை வரி. இரண்டு முளைகளை அடித்து நூல் கட்டி, அந்த நூலைப் பார்த்து வெட்டுவார். ஒரு வரி விலகினால் திரும்பவும் முதலிலிருந்து. வெட்டி முடிந்தபின் முழங்காலில் நின்று ஓரங்களைக் கத்தரிக்கோலால் நறுக்குவார். கடைசியில் நெஞ்சு நிலத்தில் படக் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணை மூடி, எல்லாம் ஒரே உயரமா என்று பார்ப்பார். டெரெக் வேலிக்கு மேலால் எட்டி "பியூட்டிஃபுல்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்புக் குறைந்தாலும் பேசமாட்டார்.

அதன்மேல் யாரும் மிதிக்கக் கூடாது. மகள் அபிரா ஏழு வயதில் பந்து எடுக்க ஓடியதற்கு, "உதிலை மிதியாதை!" என்று இவர் போட்ட சத்தத்தில் பிள்ளை நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். பிறகு அவள் தோட்டத்துக்கே போனதில்லை. அறைக்குள் இருந்து வளர்ந்தாள், பதினெட்டு வயதில் லீட்ஸுக்குப் படிக்கப் போனாள், அங்கேயே வேலை எடுத்து நின்றுவிட்டாள்.

ஒரு வருடம் நான் வேலியோரமாக நான்கடி நீளத்துக்கு மண்ணைக் கிளறி வெந்தயம் தூவினேன். பத்து நாளில் கீரை எழும்பி நின்றது. சனிக்கிழமை இவர் புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு அதற்குக் கிட்ட வந்தார். நின்றார். சமையலறை யன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அதன்மேல் ஏற்றினார். உள்ளே வந்து கை கழுவும்போது, "உது புல்த்தரை, தேவி. வயல் இல்லை" என்றார்.

அடித்தவரல்ல, குடித்தவரல்ல. எனக்காகப் பேசியவர். வைத்தியர் என்னிடம் கேட்டால் இவர் பதில் சொல்வார். வங்கியிலும் அப்படி, அபிராவின் பள்ளிக்கூடத்திலும் அப்படி. எனக்கு ஆங்கிலம் வராமல் போனதற்கு நான் மூளையில்லாத மொக்கு என்பது காரணமல்ல. என் வாய் திறக்குமுன் பதில் போய்ச் சேர்ந்துவிடும். அம்மா செத்த செய்தி வந்த அன்று, நான் வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறையின் மனேஜர் ரெலிபோன் எடுத்தாள். ஊருக்குப் போக லீவு வேண்டுமா என்று கேட்கத்தான் எடுத்தாள். ரெலிபோனை வாங்கி, திங்கட்கிழமை வேலைக்கு வருவாள் என்று சொல்லி வைத்தவர் இவர். நான் பக்கத்தில்தான் நின்றேன். திங்கட்கிழமை போய் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்தேன்.

3

ஒன்றரை வருடத்துக்கு முன், பருவத்தின் கடைசி வெட்டு முடித்த அன்று இவருக்குப் பக்கவாதம் வந்தது. யன்னலால் பார்த்தேன். புல்லில் குப்புறக் கிடந்தார். வழமைபோல உயரம் பார்க்கிறார் என்று நினைத்துப் பாத்திரம் கழுவினேன். கழுவி முடித்துத் துடைத்து அடுக்கினேன். பிறகுதான் மறுபடி பார்த்தேன். விழுந்து எவ்வளவு நேரம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஐந்து நிமிடம் என்றேன். அரை மணித்தியாலத்துக்குக் குறையாது.

வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போயின. மூன்றாம் கிழமை ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. ஓம்.

பசிக்கிறதா என்றால் ஓம். பசி இல்லையா என்றாலும் ஓம். நோகுதோ, ஓம். இண்டைக்கு என்ன கிழமை, ஓம். இப்படி ஒரு சொல்லோடு நின்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்தியர் சொன்னார். மனதுக்குள் வேறு சொல் இருக்கும், வாயால் இதுதான் வருமாம். ஆம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் சொல் அது என்று அங்கே யாருக்கும் தெரியாது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பெண் கைகூப்பி, அவர் பிரார்த்தனை செய்கிறாரா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். அடுத்த நாள் கோயில் மணிச்சத்தம் பதிந்த ஒன்றைக் கொண்டுவந்து இவருடைய காதில் மாட்டிவிட்டாள். இவர் அதைப் பிடுங்கி எறிந்து "ஓம்!" என்று கத்தினார். அவளுக்கு நல்ல சந்தோசம்.

லேசில் எதற்கும் ஓம் என்று சொல்லாத மனிதர். இப்போது அதைத் தவிர வேறு சொல்லில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பின்பக்கம் புல்லைப் பார்த்தபடி கண்ணாடியால் கட்டிய அறை ஒன்று இருக்கிறது, அதில் கட்டில் போட்டோம். நகரசபைக் கவுன்சில் அனுப்பும் பெண்கள் காலையும் மாலையும் வந்து கழுவித் துடைத்துச் சக்கர நாற்காலியில் இருத்திவிட்டுப் போவார்கள். மற்ற எல்லாம் நான்.

வெட்டிய புல்லைக் கவுன்சில் ஏற்றிப் போகும் பெட்டிக்கு வருடப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அது இவருடைய பெயரில். ரெலிபோன் எடுத்தேன். என்னோடு பேச இவருடைய சம்மதம் வேண்டும் என்றாள் அந்தப் பெண். இவருடைய வாய்க்குக் கிட்டப் பிடித்தேன்.

"சேர், உங்கள் மனைவி உங்களுக்காகப் பேசலாமா?"

"ஓம்."

"சேர், யெஸ்ஸா, நோவா?"

"ஓம்."

"மன்னிக்க வேணும் சேர், எனக்கு யெஸ் என்ற சொல் தேவை."

"ஓம்! ஓம்! ஓம்!" எச்சில் ரெலிபோனில் தெறித்தது.

படிவம் அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். படிவம் வந்தது. இடக்கையால் கையெழுத்து வைத்தார். வளைந்து நெளிந்து கட்டத்துக்கு வெளியே ஓடியது கோடு. அதைப் பார்த்து இவர் அழுதார். நான் தபாலுறைக்கு எச்சில் தொட்டேன்.

4

ஏப்ரல் வந்தது. புல் கணுக்காலுக்கு மேல் நின்றது. லீட்ஸிலிருந்து அபிரா ஏற்பாடு செய்து வெட்டுவதற்கு ஒரு ஆள் வந்தான். இவர் இடக்கை மோதிரத்தால் கண்ணாடியில் அடித்த அடியில் அவன் பாதியில் புல்வெட்டியை நிறுத்திவிட்டுப் போனான். டெரெக்குக்கு எண்பது வயது, நெஞ்சுக்குள் கருவி வைத்திருக்கிறார். ஆகவே நான்.

கயிற்றை எத்தனை தரம் இழுத்தேனோ தெரியாது. கடைசியில் டெரெக் வந்து ஒரு இழுவையில் கிளப்பிவிட்டார். அது என்னையும் இழுத்துக்கொண்டு ஓடியது. தும்மல் தும்மலாக வந்தது. கண் வீங்கி, உள்ளங்கை கொப்பளித்து, முதுகு பிடித்து, அதற்குமேல் டொக், டொக் என்று கண்ணாடியில் மோதிரம். வரி விலகினால் டொக். திரும்பும்போது பிந்தினால் டொக். புல்வெட்டியின் பெட்டியில் புல் நிரம்பியும் கொட்டாவிட்டால் டொக் டொக். பேச்சுப் போன மனிதர் ஒரு மோதிரத்தை வைத்துக்கொண்டு தொண்ணூறு அடியையும் ஆண்டார்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமையே யன்னலால் வானத்தைப் பார்க்கத் தொடங்கினேன். மழை வராதா என்று ரெலிபோனில் வானிலையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தும்மலுக்குக் குளிசை போட்டேன். காதில் தமிழ் வானொலி மாட்டினேன். புல்தரையை ஒன்பது துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு மிடறு தேத்தண்ணி என்று வைத்துப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை. வானொலியைத் தாண்டி மோதிரம் கேட்டது.

மூன்றாவது சனிக்கிழமை. பாதி வெட்டியிருந்தேன். டொக். நிமிர்ந்து பார்த்தேன். விரலை நீட்டி, விட்ட இடத்தைக் காட்டினார். எனக்கு என்ன வந்ததோ. புல்வெட்டியை வரியிலிருந்து திருப்பி, குறுக்காக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே ஓட்டமாக ஓட்டினேன். டொக்டொக்டொக். திரும்பி வரும்போது வேண்டுமென்றே பாம்பு போவது மாதிரி வளைத்து வளைத்து வந்தேன். மோதிரம் நின்றது. உள்ளங்கையால் கண்ணாடியில் அறைந்தார். பிறகு அதுவும் நின்றது.

வியர்வையோடு உள்ளே போய் அவருடைய முகத்துக்கு நேரே குனிந்தேன்.

"இஞ்சேருங்கோ, வடிவாய் இருக்கோ?"

கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாய் கோணி, ஒரு சொல்லைத் தேடித் தேடித் தவித்தார். வந்தது அதுதான்.

"ஓம்."

சிரிப்பு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முதுகு நோகவில்லை. கை எரியவில்லை.

5

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வினாகிரி போட்டுக் கண்ணாடியைத் துடைப்பேன். அவருக்கு வடிவாகத் தெரிய வேண்டுமே. சனிக்கிழமை நாற்காலியைக் கண்ணாடிக்குக் கிட்டத் தள்ளிச் சில்லுகளைப் பூட்டுவேன். வெளியே போகுமுன் கேட்பேன்.

"இண்டைக்கு வட்டமாய் வெட்டட்டோ?"

"ஓம்."

"அந்த மூலையை வெட்டாமல் விடட்டோ? மஞ்சள் பூ பூக்கட்டும், என்ன?"

"ஓம்."

"நான் உங்களைவிட நல்லாய் வெட்டுறன், என்னப்பா?"

"ஓம்."

கேட்டுவிட்டு நின்று அவருடைய முகத்தைப் பார்ப்பேன். முப்பத்தெட்டு வருடக் கலியாணத்தில் நான் அவருடைய முகத்தை அப்படிக் கவனித்துப் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அந்த ஒரு சொல்லுக்குள் பல சொற்கள் இருப்பது தெரிய வந்தது. ஏலாது என்று சொல்லும் ஓம் தொண்டையில் வெட்டுப்பட்டு வரும். வெட்கப்படும் ஓம் மூக்கால் வரும். நாசமாய்ப் போ என்கிற ஓம் நீளும். உண்மையான ஓமுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு இழுப்பு இருக்கும், கீழுதடு கொஞ்சம் இறங்கும். இதைப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்கோ வைத்தியருக்கோ நான் சொல்லவில்லை. அவர்களுக்கு எல்லா ஓமும் ஒன்றுதான். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

ஜூன் தொடக்கத்தில், கண்ணாடி அறைக்கு நேரெதிரே, புல்லின் நட்டநடுவில் மண்வெட்டியால் கொத்தத் தொடங்கினேன். ஆறடி நீளம், மூன்றடி அகலம். மண் கட்டாந்தரையாக இருந்தது. இரண்டு நாள் பிடித்தது. டெரெக் வேலிக்கு மேலால் பார்த்து, யாரையாவது புதைக்கிறாயா என்று பகிடியாகக் கேட்டார்.

"நொட் யெற்," என்றேன், இன்னும் இல்லை என்று.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் அசையாமல் இருந்தார்.

டூட்டிங் தமிழ்க் கடையில் வாங்கிய கத்தரி நாற்றை அதில் நட்டேன். அந்த வருடம் நல்ல வெயில். ஓகஸ்ட் நடுவில் காய்த்தது. பால்விட்டு வெள்ளைக்கறி வைத்து, குழையப் பிசைந்து, கரண்டியால் ஊட்டினேன். சாப்பாட்டுக்கும் நான்தானே, வாயைத் திறக்காமல் என்ன செய்வார்.

"உங்கடை புல்லிலை காய்ச்சது. நல்லாய் இருக்கோ?"

மூச்சு உள்ளே போனது. கீழுதடு இறங்கியது.

"ஓம்."

அது உண்மையான ஓம். எனக்கு அது பிடிக்கவில்லை. மிச்சத்தை ஊட்டவில்லை, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கத்தரிக்காய்களை டெரெக்குக்கும் கவுன்சில் பெண்களுக்கும் கொடுத்தேன்.

6

ஓகஸ்ட் கடைசியில் வரும் நீண்ட விடுமுறைக்கு அபிரா வந்தாள். வருடத்தில் மூன்று தரம் வருவாள். வந்தால் ரெலிபோனைப் பார்த்தபடி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள். அந்தச் சனிக்கிழமை அவள் மாடியில் படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். கதவு நிலையில் சாய்ந்து நின்றிருக்கிறாள்.

"இஞ்சேருங்கோ, முழுப் புல்லையும் கிளறிப்போட்டுக் கல்லுப் பதிக்கட்டோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓம்," என்றார் இவர். கழுத்து நரம்பு.

"பச்சைக் கல்லோ, கறுப்புக் கல்லோ?"

"ஓம்! ஓம்!"

"அம்மா." அபிராவின் குரல். "வட் ஆர் யூ டூயிங்?"

"சும்மா கதைக்கிறன்."

"நோ. யூ ஆர் புல்லியிங் ஹிம்."

எனக்கு விளங்கவில்லை. புல்லை வைத்து ஏதோ புதுச்சொல் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து அப்படி அவள் கதைப்பதுண்டு.

"ஓமடி, புல்லுத்தான். வெட்டப் போறன். நீயும் வாறியோ?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பகிடி இல்லை. ரெலிபோனில் அந்தச் சொல்லைத் தட்டி, தமிழில் வந்த விளக்கத்தை உரக்கப் போட்டாள். பலவீனமானவரைத் துன்புறுத்துதல் என்று ஒரு இயந்திரக் குரல், நல்ல தமிழில், என் வீட்டுக்குள் சொன்னது.

"உனக்குத் தெரியாது," என்றேன். "உன்ரை அப்பா எனக்கு என்ன செய்தவர் எண்டு உனக்குத் தெரியாது."

"ஐ நோ, அம்மா. நான் இந்த வீட்டிலைதான் வளர்ந்தனான்." சண்டையில் அவள் தமிழுக்குத் திரும்பினால் கோபத்தின் உச்சி என்று பொருள். "அதுதான் நான் போனனான். நீங்கள் ஏன் போகேல்லை?"

வெளியே போய்ப் புல்வெட்டியைக் கிளப்பினேன். சத்தத்துக்குள் நின்றால் ஒருவரும் கேள்வி கேட்க ஏலாது.

அன்று பின்னேரம் அவள் தகப்பனுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்திருப்பதைக் கண்டேன். லீட்ஸில் அவளுடைய வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் படங்களை மடிக்கணினியில் காட்டிக்கொண்டிருந்தாள். முன்பக்கம் முழுக்கப் புல்தரை. கம்பளம் விரித்த மாதிரி, கோடு கோடாக, ஒரு வரி விலகாமல்.

"அப்பா, லுக். நான் ஒவ்வொரு நாளும் வரலாம். வேலை முடிஞ்சு நடந்தே வரலாம். உங்களுக்கு விருப்பமா?"

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். முதலில் அந்த மூச்சு. பிறகு உதடு.

"ஓம்," என்றார்.

அபிரா அவருடைய செத்த கையைப் பிடித்தாள். அவளுக்கு அது வெறும் ஓம். எந்தக் கேள்விக்கும் வரும் ஓம். அவள் பெருமூச்சு விட்டு, "ஐ விஷ் ஐ நியூ, அப்பா," என்றாள்.

எனக்குத் தெரிந்தது.

7

இவர் இனி எங்கே இருப்பது என்று தீர்மானிக்க ஒக்டோபரில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் வீட்டில், கண்ணாடி அறையில். கோப்போடு ஒரு சோஷல் வேர்க்கர் பெண், அபிரா, நான், இவர். மொழிபெயர்க்க ஒருவர் ரெலிபோனில். குரலில் தமிழ்நாட்டுக்காரர்.

சோஷல் வேர்க்கர் நல்லவள். அவசரப்படவில்லை. இவருக்கு முன்னால் குனிந்து, உங்கள் மகளுக்கு அருகில் உள்ள இல்லத்தில் இருக்க விருப்பமா என்று கேட்டாள். ரெலிபோன்காரர் அதைத் தமிழில் சொன்னார்.

மூச்சு. உதடு. "ஓம்."

"ஆமாங்கறாரு," என்று சொல்லி அதை ஆங்கிலத்திலும் சொன்னார் ரெலிபோன்காரர்.

சோஷல் வேர்க்கர் எழுதிவிட்டு அடுத்ததைக் கேட்டாள். இந்த வீட்டிலேயே மனைவியோடு இருக்க விருப்பமா?

தொண்டையில் வெட்டுப்பட்டு வந்தது. "ஓம்."

"ஆமாங்கறாரு."

பிறகு சோதித்துப் பார்க்க, நீங்கள் ஒரு பெண்ணா? "ஓம்." இப்போது நாங்கள் கப்பலில் இருக்கிறோமா? "ஓம்." படம் போட்ட அட்டைகளை நீட்டினாள். சிரிக்கும் முகம், அழும் முகம். இவர் இரண்டையும் தட்டிவிட்டார். பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத்தான் அவரை நன்றாகத் தெரியும். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று நினைக்கிறீர்கள்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டாள், நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தாள். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுவரை நான் காணாதது அது, கெஞ்சல். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கோடை முழுக்க நான் எதைப் படித்தேன் என்று அவர் கவனித்திருக்கிறார்.

யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை.

ரெலிபோன்காரருக்கு விடாமல் நானே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஹி சேய் நோ. ஹி வான்ட் ஸ்டே வித் மி."

"ஓம்!" என்றார் இவர். "ஓம்! ஓம்! ஓம்!" இடக்கையால் நாற்காலியில் அடித்தார். கண்ணீர் ஓடியது. மறுக்க அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

சோஷல் வேர்க்கரின் முகம் இளகியது. "அவர் ஒத்துக்கொள்கிறார், பாருங்கள்," என்றாள்.

"ஆமா ஆமாங்கறாரு," என்றது ரெலிபோன்.

அபிரா எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "சொறி அம்மா. ஐம் சோ சொறி." ஓகஸ்டில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவளுடைய தோளுக்கு மேலால் நான் இவரைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த சிரிக்கும் முகத்தைப் பார்த்தேன்.

ஏன் சொன்னேன் என்று குளிர்காலம் முழுக்க யோசித்தேன். பழிவாங்கல் என்று சொன்னால் சுலபமாக முடிந்துவிடும். அவர் லீட்ஸுக்குப் போய்விட்டால் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் கட்டில்தான் இருக்கும். தொண்ணூறு அடியையும் ஒருவரும் பார்க்காமல் நான் வெட்ட வேண்டும். அதை நினைக்கப் பயமாக இருந்தது. பழிவாங்கலுக்கும் அந்தப் பயத்துக்கும் நடுவில் எங்கேயோ அந்தப் பொய் கிடந்தது. அது அன்பு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். சொல்லிவிட வேண்டாம்.

8

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இவர் என்னோடு பேசுவதில்லை.

ஒரு சொல் வைத்திருந்த மனிதர் அந்த ஒன்றையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். பசிக்குதோ என்றால் மௌனம். நோகுதோ, மௌனம். மோதிரமும் கண்ணாடியைத் தொடுவதில்லை. முதலில் நோய் கூடிவிட்டதென்று பயந்து வைத்தியரைக் கூப்பிட்டேன். வைத்தியர் வந்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்க, "ஓம்" என்றார், தெளிவாக. கவுன்சில் பெண்களுக்கு ஓம். டெரெக் கையசைத்தால் ஓம். எனக்கு மட்டும் இல்லை.

இன்று டெரெக் தொடங்கியதும் நானும் புல்வெட்டியை எடுத்தேன். கத்தரிப் பாத்தியை மார்ச்சிலேயே மூடி, மண் நிரப்பி, விதை தூவியிருந்தேன். அந்த இடத்தில் மெல்லிய பச்சை வந்திருக்கிறது. கொட்டிலிலிருந்து இரண்டு முளைகளையும் நூலையும் தேடி எடுத்தேன். இரண்டரை மணித்தியாலம். ஒரு வரி முடிய நூலை நகர்த்தி, அடுத்த வரி. விலகினால் திரும்ப முதலிலிருந்து. கடைசியில் புல்லில் குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். எல்லாம் ஒரே உயரம். இவர் வெட்டியதைவிட நேர் என்றுகூடச் சொல்வேன்.

உள்ளே போனேன்.

"இஞ்சேருங்கோ. நீங்கள் வெட்டுற மாதிரியே வெட்டியிருக்கிறன். பாருங்கோ. சரியோ?"

புல்லைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். ஒவ்வொரு வரியாகப் போய் வந்தன கண்கள். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

ரெலிபோன் அடித்தது. சனிக்கிழமைகளில் அபிரா இந்த நேரத்துக்கு எடுப்பாள். ஒலியைக் கூட்டி இவருடைய காதில் பிடித்தேன்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

மூச்சை உள்ளே இழுத்தார். கீழுதடு இறங்கியது.

"ஓம்," என்றார்.

அவள் தன் வேலை, மழை, புதிதாக வாங்கிய சைக்கிள் என்று ஏதேதோ சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஓம் என்றார், ஒவ்வொன்றும் உண்மையான ஓம். என் கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன். கடைசியில் அவள், "அம்மா உங்களை நல்லாப் பாக்கிறாவா?" என்று கேட்டாள்.

கண்களைத் திறந்து என்னைப் பார்த்தார். என் கை அவருடைய காதோடு ஒட்டியிருந்தது. அவர் எதைச் சொன்னாலும் அங்கே ஓம் என்றுதான் கேட்கும், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயைத் திறக்கவே இல்லை.

"அப்பா? ஆர் யூ தேர்?"

"நித்திரையாகிட்டார் பிள்ளை," என்று சொல்லி ரெலிபோனை வைத்தேன்.